முதல் கை

கௌரியம்மாள் வராமல் கம்ப்யூட்டர் ஓடாது. திருத்தணி கடைவீதியில் இருந்த அந்த நெசவாளர் சங்கத்து ஆபீஸில் இது எழுதப்படாத சட்டம். கௌரியம்மாள் அங்கே பெருக்கித் துடைத்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பவள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. கம்ப்யூட்டர் படித்தவள் சந்திரா. படித்தவள் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நிற்க, படிக்காதவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகக் குத்துவாள்.

"மேல் வரிசைல மூணாவது. இல்லக்கா, அதுக்குப் பக்கத்துல. ஆங், அதான். அமுக்குங்க."

"இது இன்னா எழுத்து சந்திராம்மா, எறா மாதிரி வளைஞ்சிகினு கீது?"

"எதுவோ ஒண்ணு. அமுக்குங்கக்கா, பொதட்டூர்பேட்டை பஸ்ஸு போயிடும்."

இப்படியே குத்திக் குத்திக் கடைசியில் பெரிய பொத்தானைத் தட்டினால், திரையில் நூல் சீட்டும் பில்லும் போடுகிற பக்கம் வரும். கௌரியம்மாள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் சந்திரா உட்காரலாம். அதன்பின் சாயங்காலம் வரை எத்தனை சீட்டு வேண்டுமானாலும் அவளே போடலாம், ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆரம்பிக்கத்தான் கூடாது.

காரணம், சந்திராவுக்குப் புருஷன் இல்லை. அம்மையார்குப்பத்தில் தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். கல்யாணமான மறுவருஷமே அவனை மஞ்சள் காமாலை கொண்டுபோயிற்று. ஒரு வருஷம் வீட்டு மூலையில் உட்கார்ந்து பார்த்தாள், பிடிக்கவில்லை. மெட்ராசில் அத்தை வீட்டில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தாள். எண்பத்தெட்டாம் வருஷம் தை மாசம் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் பெட்டி வந்தபோது, அதை ஓட்டத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் வேறு யாருமில்லாததால் வேலை கிடைத்தது. அந்த வேலையும் தற்காலிகம்தான். நிரந்தரமாக்குவது நிர்வாகக் குழுவின் கையில் இருந்தது.

பெட்டி வந்த அன்று பூஜை தடபுடலாக நடந்தது. எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், திரைக்கு நடுவில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பிளாப்பி நுழைகிற வாயிலும் ஒரு பொட்டு வைக்கப்போன நாகராஜனை, அதாவது அங்கே இருந்த ஒரே குமாஸ்தாவை, சந்திராதான் கையைப் பிடித்துத் தடுத்தாள். பிறகு அவளே சுவிட்சைப் போட்டு ஓட்டிக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். சங்கத் தலைவர் துளசிங்கம் லட்டு கொடுத்தார்.

அந்த வாரமே பொதட்டூர்பேட்டையில் லுங்கிக்குப் போட்ட சிவப்புச் சாயம் கலங்கிவிட்டது. நெய்து முடித்த சரக்கெல்லாம் தண்ணீரில் போட்டதும் ரத்தமாக ஓடிற்று. சாயப் பட்டறைக்காரன், சாயம் பிடிக்கப் போடுகிற உப்பில் கையைச் சுருக்கிக்கொண்டான் என்று ஊருக்கே தெரியும். ஆனால் துளசிங்கத்தின் மனசில் வேறு ஒன்று உட்கார்ந்துவிட்டது. அவர் கெட்ட மனுஷர் இல்லை. அதட்டிப் பேசத் தெரியாது. வெல்லம் கரைத்த மாதிரிப் பேசுவார், அதுதான் தாங்க முடியாது.

"உன்ன வேலைய வுட்டுப் போன்னு சொல்லலம்மா. நீ நம்ம வீட்டுப் பொண்ணு. ஆரம்பத்த மட்டும் வேற கை செய்யட்டும். அப்பால நாள் பூரா நீயே பாரு."

"பட்டறைக்காரன் உப்பு போடாததுக்கு என் கை இன்னாங்க ஐயா பண்ணிச்சி?"

"அதெல்லாம் கேட்டுகினு இருந்தா பேச்சுதான் வளரும். சுமங்கலி கையா இருந்தா எல்லாருக்கும் ஒரு திருப்தி. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அன்று மத்தியானம் சந்திராவுக்குச் சோறு இறங்கவில்லை. டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாவு பிணைத்த கை, பரீட்சை எழுதிய கை, காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி புகட்டிய கை. அதைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வந்தது. அழுகை வரவில்லை, அதில் அவளுக்கே ஒரு சந்தோஷம்.

சுமங்கலி என்று துளசிங்கம் கண்டுபிடித்தது கௌரியம்மாளை. அவள் புருஷன் ரேணிகுண்டா பக்கம் வேலைக்குப் போகிறேன் என்று ரயிலேறியவன். வருஷக்கணக்காகத் தகவல் இல்லை. இருக்கிறானா இல்லையா என்று மலைமேல் இருக்கிற முருகனுக்குத்தான் தெரியும். ஆனால் கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் இருந்தது. துளசிங்கத்துக்கு அது போதும்.

காலையில் ஒரு தடவை என்றால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருக்கலாம். திருத்தணியில் கரண்ட் என்பது வருவதும் போவதுமான விருந்தாளி. சுற்றிலும் பவர்லூம்கள் ஒன்றாக ஓட ஆரம்பித்தால் விளக்கு மங்கும், மின்விசிறி முனகும், பெட்டி பொட்டென்று அணையும். திரும்ப வந்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் குத்த வேண்டும். கரண்ட் போய் வருவது ஆரம்பமா, தொடர்ச்சியா என்று நாகராஜன் ஒருநாள் சந்தேகம் கேட்டுவைத்தான். துளசிங்கம் ரொம்ப யோசித்து, "அதுவும் ஆரம்பந்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து கௌரியம்மாளுக்கும் நிம்மதி போயிற்று. சரவணப் பொய்கைப் பக்கம் துணி துவைக்கப் போயிருப்பாள், நாகராஜன் சைக்கிளில் பறந்துபோய் ஈரக் கையோடு பின்னால் உட்காரவைத்துக் கூட்டி வருவான். அவள் வந்து எழுத்தைத் தேடி முடிப்பதற்குள் மறுபடி கரண்ட் போகும். நூல் வாங்க வந்த நெசவாளிகள் வாசலில் நின்று சாபம் கொடுப்பார்கள். பஸ்ஸை விட்டால் அன்றைய தறி வேலை போயிற்று. திட்டெல்லாம் யாருக்கு? கம்ப்யூட்டர் முன்னால் யார் நிற்கிறாளோ அவளுக்கு.

"இன்னாமே, மிஷின் படிச்சவன்னு சொல்லிகினாங்க. வேடிக்க பாத்துகினு நிக்கிற?" என்று ஒரு கிழவர் கேட்டார். காரணத்தைச் சொன்னால் அவரும் துளசிங்கம் பக்கமே பேசுவார் என்று சந்திராவுக்குத் தெரியும்.

பெட்டியோடு வந்த தடிப் புத்தகம் ஒன்று அலமாரியில் கிடந்தது. சித்திரையில் ஒரு மத்தியானம், கரண்டும் இல்லாமல் கௌரியம்மாளும் இல்லாமல் சும்மா இருந்தபோது, சந்திரா அதைப் புரட்டினாள். மெட்ராசில் வாத்தியார் அவசரமாகத் தாண்டிப்போன ஒரு விஷயம் அதில் விளக்கமாக இருந்தது. பெட்டி எழுந்ததும் முதல் வேலையாகத் தனக்குள் ஒரு கோப்பைத் தேடும். ஆட்டோஎக்ஸெக் என்று அதற்குப் பெயர். அப்படி ஒன்று இருந்தால், அதில் எழுதி வைத்திருப்பதை யாரும் தொடாமலே வரி வரியாகச் செய்து முடிக்கும். இல்லாவிட்டால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருக்கும். இத்தனை நாளும் கௌரியம்மாளின் விரலுக்காக அது காத்திருந்தது அப்படித்தான்.

சந்திரா அன்று சாயங்காலம் கிளம்புவதற்கு முன் அந்தக் கோப்பை எழுதினாள். கௌரியம்மாள் தினமும் எதைக் குத்தினாளோ அதே வரிகள், அதே வரிசை. எழுதி முடிக்க ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை நாள் நின்றோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை கௌரியம்மாள் சுவிட்சைப் போட்டுவிட்டு, விரலை நீட்டிக்கொண்டு எழுத்துக்குக் காத்திருந்தாள். திரையில் தானாகவே வரிகள் ஓடின. பில் பக்கம் வந்து நின்றது. அவள் விருட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் எதையும் தொடலம்மா. சாமி சத்தியமா தொடல."

"தெரியும்க்கா. இனிமே தொட வேணாம். எழுந்திரிங்க."

துளசிங்கம் வந்து பார்த்தார். அணைத்துப் போடச் சொன்னார், மறுபடியும் தானாக வந்தது. அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து, விஷயத்தைச் சொல்ல வாயெடுத்த சந்திரா நிறுத்திக்கொண்டாள். எப்படி என்று அவராகக் கேட்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

"தானா ஆரம்பிக்குது. இனிமே யார் கையும் வேணாம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுவிட்சை இனி வாட்ச்மேன் போட்டாலும் சரி, காபி வாங்கி வருகிறவன் போட்டாலும் சரி என்றாகிவிட்டது. சுவிட்சில் தீட்டு ஒட்டாது போலிருக்கிறது. ஆனால் சந்திரா மட்டும் அதையும் தொட வேண்டாம், "இன்னாத்துக்கு வம்பு" என்று வெல்லக் குரலில் சொல்லிவைத்தார்.

அந்த வருஷம் சங்கத்துக்கு நல்ல வருஷமாக அமைந்தது. சித்திரையிலிருந்து நூல் தடங்கலில்லாமல் வந்தது, லுங்கி வடக்கே போயிற்று. துளசிங்கம் பொதட்டூர்பேட்டையிலும் ஆர்.கே.பேட்டையிலும் போகிற இடமெல்லாம் இதையே பேசினார். மனுஷக் கை படாமல் ஆரம்பிக்கிற பெட்டி, முருகன் கை வைத்து ஆரம்பிக்கிற பெட்டி. அது ஆரம்பித்த வேளை, சங்கத்துக்குத் தொட்டதெல்லாம் துலங்குகிறது. இதையெல்லாம் சந்திரா இருக்கும்போதே, அவளுக்கு இரண்டடி தள்ளி நின்று சொல்வார்.

நெசவாளிகள் பஸ்ஸைப் பிடித்தார்கள், கௌரியம்மாள் நிம்மதியாகத் துணி துவைத்தாள், எல்லாம் சரி. ஆனால் பின்னால் நின்றுகொண்டிருந்த தன்னைத் தானே இன்னும் ஓரமாகத் தள்ளி வைத்துக்கொண்ட மாதிரி சந்திராவுக்கு இருந்தது. முன்பு அவள் கையைத்தான் வேண்டாம் என்றார்கள். இப்போது அவள் கை அங்கே இருந்ததே இல்லை என்று ஆகிவிட்டது. சொல்லிவிட வேண்டும் என்று பல நாள் நாக்கு நுனிவரை வந்தது. வேலை நிரந்தரமாகட்டும் என்று விழுங்கினாள். விழுங்கிய ஒவ்வொரு தடவையும் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. மலைப்பாதையெல்லாம் புஷ்பக் காவடி, ஊரெல்லாம் மஞ்சள் துணி. மெட்ராசிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஜனம் வந்து இறங்கியது. சங்கத்தில் வருஷத்துக்கு ஒருமுறை போடுகிற தள்ளுபடி விற்பனை அன்றைக்குத்தான். வாசலில் மாவிலை கட்டி, மஞ்சள் வேட்டியையும் துண்டையும் மலையாக அடுக்கியிருந்தார்கள். நிர்வாகக் குழுவினர் பளிச்சென்று உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் கற்பூரம் தயாராக இருந்தது.

துளசிங்கம் சந்திராவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நேரம் பின்னால நூல் கிடங்குல இரும்மா. மொத பில்லு போட்டதும் நானே வந்து கூப்புடறேன்."

"பில்லை யாருங்க ஐயா போடுவாங்க?"

"நாகராஜன் பாத்துக்குவான். அதான் தானா வருதே. நல்ல நாளும் அதுவுமா, குழுவுல நாலு பேர் வந்துகிறாங்க. உன்னோட வேலை விஷயமும் அவங்க கைலதான இருக்குது? யோசிச்சிக்கோ."

யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தோன்றிற்று. நூல் கிடங்கில் ஜன்னல் இல்லை. மூட்டைகளுக்கு நடுவில் இருட்டில், முதல் பில் போடப்பட்ட சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தன்னை அவள் ஒரு கணம் பார்த்தாள். அந்தச் சந்திராவை அவளுக்குத் துளிகூடப் பிடிக்கவில்லை.

"நான் போகலீங்க" என்றாள்.

"இன்னாம்மா?"

"கிடங்குக்குப் போகலீங்க ஐயா. போனாலும் பிரயோஜனமில்ல." அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள். "நாகராஜன், சுவிட்சைப் போடுங்க."

நாகராஜன் துளசிங்கத்தைப் பார்த்தான், குழுவைப் பார்த்தான், கடைசியில் போட்டுவிட்டான். வரிகள் ஓட ஆரம்பித்தன.

"இது ஓடுதே, இது முருகன் எழுதினது இல்ல. நான் எழுதினது. பெட்டி எழுந்ததும் இன்ன இன்ன செய்யணும்னு சித்திரை மாசத்துல நான்தான் எழுதி உள்ள வெச்சேன். அன்னிலேர்ந்து தினமும் இந்த ஆபீசுல மொதல்ல ஓடறது என் கையெழுத்துதான். கரண்ட் போய் வர்றப்போல்லாம் அதேதான். நான் வீட்ல தூங்கிகினு இருந்தாலும் அதேதான்."

வெளியே அரோகரா சத்தம் தெருவை நிறைத்துக்கொண்டு போயிற்று. குழுவில் ஒருத்தர் கற்பூரத் தட்டைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

"சித்திரைலேர்ந்தா?" என்றார் துளசிங்கம். குரலில் வெல்லம் இல்லை.

"ஆங். நூல் வந்தது, லுங்கி போனது, எல்லாம் அப்புறந்தான். தொட்டதெல்லாம் துலங்குதுன்னு ஊர் ஊரா சொன்னது நீங்கதான் ஐயா. இப்போ அது யார் கைன்னு தெரிஞ்சிபோச்சி. துலங்கினத எல்லாம் திருப்பி அனுப்பிடுவீங்களா?"

"அத அழிச்சிடு."

"அழிக்க ஒரு வரிதான். ஆனா நான் அழிக்க மாட்டேன். நீங்க வேணும்னா உக்காந்து அழிங்க. எந்த எழுத்த அமுக்கணும்னு பின்னால நின்னு நான் சொல்றேன்."

துளசிங்கம் நாற்காலியைப் பார்த்தார். ஒரு அடி எடுத்து வைக்கவும் செய்தார். அத்தனை பேர் பார்க்க, அவள் பின்னால் நின்று சொல்லச் சொல்ல, தன் விரல் எழுத்தைத் தேடுவதை நினைத்துப் பார்த்திருப்பார் போல. அங்கேயே நின்று, "கௌரி, நீ வா" என்றார்.

கௌரியம்மாள் துடைப்பத்தோடு வாசல்படியில் நின்றிருந்தாள். அவள் வரவில்லை.

"எனக்கு எழுத்து தெரியாது சாமி. என் புருஷன் இருக்கானோ செத்தானோ அதுவும் தெரியாது. தெனம் காலைல இந்த விரல நீட்டறப்போல்லாம், அவன் எங்கியாவது செத்துக் கெடந்தா இந்தக் கையும் கெட்ட கைதானேன்னு எனக்குப் பயம். யாராண்ட சொல்றது? என்னைய வுட்டுடுங்க. அந்தப் பொண்ணு கை நல்ல கைதான்."

இதற்குள் வாசலில் கூட்டம் முட்ட ஆரம்பித்திருந்தது. மொட்டையடித்துச் சந்தனம் பூசிய ஒரு நகரிக்காரர், தோளில் குழந்தையோடு மஞ்சள் வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டார். அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அவருக்கு ஒரு அக்கறையும் இல்லை. "பில்லு வேயண்டம்மா, பைகி போவாலி" என்று தெலுங்கில் பில் கேட்டு, வேட்டியைச் சந்திராவிடம் நீட்டினார். மலையேற அவருக்கு அவசரம்.

சந்திரா உட்கார்ந்தாள். யாரையும் பார்க்காமல் பில்லைப் போட்டாள். அச்சு இயந்திரம் கரகரவென்று கத்திக்கொண்டு சீட்டைத் தள்ளியது. நகரிக்காரர் அதைக் கிழித்து வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு அவள் எழுந்திருக்க நேரமே இருக்கவில்லை. குழுவினர் எப்போது எழுந்து போனார்கள் என்றுகூட அவள் கவனிக்கவில்லை. கற்பூரம் ஏற்றாமலே தட்டில் கிடந்தது.

சாயங்காலம் நாகராஜன் மெதுவாக வந்து காதில் போட்டான். குழு மாடியில் கூடிப் பேசியதாம். விற்பனை இதுவரை இல்லாத அளவுக்குப் போயிருப்பதால் அவளை அனுப்பிவிடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லையாம். ஆனால் நாளையிலிருந்து அவள் வருவதற்கு முன்பே தலைவர் வந்து, தன் கையால் பெட்டியை ஆரம்பித்துவிடுவார் என்று முடிவாம். தோஷம் அதில் கழிந்துவிடுமாம்.

"சுவிட்சைப் போட்டுட்டா ஆரம்பிச்ச மாதிரியா?" என்று சந்திரா கேட்டாள்.

"அப்டித்தான் பேசிக்கிறாங்க."

"சரி" என்றாள். அவன் போனபின் அந்தக் கோப்பைத் திறந்து, எல்லா வரிக்கும் மேலே புதிதாக ஒரு வரி சேர்த்தாள். அந்தப் பெட்டிக்குத் தமிழ் தெரியாது. தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதினாள். வேலை போனாலும் போகட்டும், இதை எழுதாமல் போனால் இனி எங்கேயும் நிமிர்ந்து உட்கார முடியாது என்று நினைத்துக்கொண்டே எழுதினாள்.

மறுநாள் அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது ஆபீஸ் திறந்திருந்தது. துளசிங்கம் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு பெட்டியின் முன் நின்றிருந்தார். கௌரியம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். திரையின் உச்சியில், எல்லா வரிக்கும் முன்னால், 'சந்திரா தொடங்கி வைக்கிறாள்' என்று இருந்தது.

அவர் சுவிட்சை அணைத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டார். சந்திரா தொடங்கி வைக்கிறாள் என்றது பெட்டி. மறுபடி அணைத்து, ஸ்டெபிலைசரையும் அணைத்து, முருகா என்று சொல்லிப் போட்டார். சந்திரா தொடங்கி வைக்கிறாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் அவள் நின்றிருந்தாள்.

"இன்னாம்மா இது, போவ மாட்டேங்குது."

"போவாது ஐயா. நீங்க எத்தினி வாட்டி போட்டாலும் போவாது." அவள் நாற்காலியை இழுத்தாள். "தள்ளிக்கோங்க. பொதட்டூர்பேட்டைக்காரங்க வந்துட்டாங்க, எனக்கு வேல இருக்குது."